பழைய மெயின் பேனல் துணைப் பேனலாக மாறியபோது

மின்சாரத்தை வீட்டின் பல பகுதிகளுக்குப் பிரித்துத் தரும் பிரேக்கர் பெட்டியான பழைய மெயின் பேனலை வீட்டுக்குள் அப்படியே வைத்துக்கொண்டு, வெளிச்சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில், வீட்டின் முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் புதிய மெயின் பிரேக்கரைப் பொருத்தத் தீர்மானித்தோம். அனுமதி விண்ணப்பத்தைப் பார்த்த ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, உள்ளே இருக்கும் பேனலில் நியூட்ரலையும் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) எர்த்தையும் (பழுதின்போது மட்டும் மின்னோட்டத்தைச் சுமக்கும் பாதுகாப்புக் கம்பி) எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்பதுதான்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பின்படி, வீட்டின் முதன்மைத் துண்டிப்பு, அதாவது மெயின் பிரேக்கர், இருக்கும் இடத்தில் மட்டுமே நியூட்ரலும் எர்த்தும் இணைய வேண்டும். அந்த இடம் வெளிச்சுவருக்கு மாறியதுமே, பல ஆண்டுகள் மெயினாக இருந்த பேனல் துணைப் பேனலாகிவிடுகிறது. அங்கும் பழைய இணைப்பை விட்டுவைத்தால், நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பியிலும் உலோகக் குழாய்களிலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே இரண்டு பேனல்களுக்கும் இடையே நான்கு கம்பிகள் தேவைப்பட்டன: மின்சாரத்தைக் கொண்டுவரும் இரண்டு கம்பிகள், ஒரு நியூட்ரல், தனியாக ஓர் எர்த். பழைய பேனலில் நியூட்ரல் பட்டையைப் பெட்டியோடு இணைத்திருந்த பச்சைத் திருகை எலெக்ட்ரீஷியன் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகத்தில் எர்த்துக்கெனப் புதிய பட்டையைப் பொருத்தினார். அதிக நேரம் பிடித்தது கம்பிகளைப் பிரித்து மாற்றும் வேலைதான். பல இடங்களில் ஒரே திருகின் கீழ் இரண்டு நியூட்ரல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு வேண்டும் என்பது விதி. நீளம் போதாத எர்த் கம்பிகளுக்கு ஒட்டுக்கம்பி சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு, வெளியிலிருந்து வரும் நியூட்ரலைக் கழற்றி வைத்துவிட்டு, நியூட்ரல் பட்டைக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்தார். அந்த நியூட்ரல் இணைந்திருக்கும்போது அளந்தால் வெளியிலுள்ள இணைப்பு வழியாகத் தொடர்பு காட்டும் என்பதால், இந்தச் சோதனைக்கு வரிசை மிக முக்கியம்.

எர்த்துக்காகத் தரையில் 8 அடி உலோகத் தண்டுகள் இரண்டை, குறைந்தது 6 அடி இடைவெளியில் இறக்கி, அவற்றின் கம்பியைப் புதிய மெயினுக்குக் கொண்டுசென்றோம். ஒரே தண்டின் தடை 25 ஓமோ அதற்குக் குறைவோ என்று அளந்து காட்டினால் இரண்டாவது தேவையில்லை. ஆனால் தண்டு இருந்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நம்புவது எனக்குக் கவலையளிக்கிறது. அமெரிக்க வீட்டு மின்னழுத்தமான 120 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால், தண்டு வழியே மண்ணுக்குள் ஓடுவது 4.8 ஆம்பியர்தான், 15 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. பழுது நேரும்போது பிரேக்கரை விழவைப்பது, எர்த் கம்பி வழியே மெயினிலுள்ள அந்த ஒற்றை இணைப்புக்குத் திரும்பும் பெரிய மின்னோட்டமே.

இறுதி ஆய்வில் ஆய்வாளர் பேனலைத் திறந்து, பச்சைத் திருகு இருந்த துளையையும் இரண்டு பட்டைகளையும் பார்த்துவிட்டே ஒப்புதல் தந்தார். இதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள், இரண்டு பேனல்களையும் இணைக்கும் நான்கு கம்பி ஃபீடரும் உள்பேனலைப் பிரிக்கும் வேலையும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.