குவார்டில் கட்டம் காலி என்று திரும்பி வந்த பாரம்: ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் அனுபவக் குறிப்புகள்

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு மட்டும் போதாது, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற மேற்கோள் தரவுத்தளங்களில் அட்டவணைப்படுத்தப்பட்ட இதழில் கட்டுரையும் வெளிவந்திருக்க வேண்டும் என்று கேட்கும் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகங்களில் தமிழ், தமிழ்க் கல்வி சார்ந்து ஆய்வு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுரை ஏற்கப்பட்டது, வெளிவந்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. சிக்கியது கடைசிப் பாரத்தில்.

அந்தப் பாரத்தில் 'குவார்டில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது: துறையின் இதழ்களைத் தரவரிசைப்படி நான்காகப் பிரித்தால், கியூ1 முதல் கியூ4 வரை, இதழ் எந்தக் கால்பகுதியில் வருகிறது என்பது. கட்டுரை வந்த இதழோ, வெப் ஆஃப் சயின்ஸின் கலை, மானுடப்புல அட்டவணையான ஏஎச்சிஐ-யில் மட்டும் உள்ள இதழ். வெப் ஆஃப் சயின்ஸ் இதழ்களின் மேற்கோள் எண்களை ஆண்டுதோறும் வெளியிடும் ஜேசிஆரில் அதன் பக்கத்தைத் திறந்தால் தாக்கக் காரணி (கட்டுரைக்குச் சராசரி மேற்கோள்) தெரியும், கியூ தெரியாது. கவுண்டரில் இருந்தவர் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் "குவார்டில் கோசோங், தா போலே" (குவார்டில் காலி, முடியாது) என்று பாரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். விளக்கம் சொன்னாலும் கேட்க ஆளில்லை. நூலகத்தில் கேளுங்கள் என்றார்கள். நூலகத்தில் பட்டப்படிப்பு அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். இலக்கியம் படித்தவர்களை இப்படி இரண்டு கவுண்டருக்கு நடுவே நிற்க வைப்பது அநியாயம். குறை இதழில் இல்லை, பாரத்தில் இருக்கிறது.

உண்மை நிலவரம் இதுதான். ஏஎச்சிஐ இதழ்களுக்கும், வளர்ந்துவரும் இதழ்களுக்கான அட்டவணையான இஎஸ்சிஐ-யின் இதழ்களுக்கும் ஜேசிஆர் தாக்கக் காரணி கொடுக்கத் தொடங்கியதே 2023-ஆம் ஆண்டு வெளியீட்டில்தான். அடுத்த ஆண்டு வெளியீட்டில் அறிவியல், சமூக அறிவியல் பிரிவுகளின் தரவரிசையில் இஎஸ்சிஐ இதழ்களையும் சேர்த்தார்கள். கலைப் பிரிவுகளுக்குத் தாக்கக் காரணி அடிப்படையில் தரவரிசை போடவில்லை. தரவரிசை இல்லாத இடத்தில் கியூ எங்கிருந்து வரும்? ஆனால் அதே பக்கத்தில் ஜேசிஐ என்ற இன்னொரு அளவும் இருக்கிறது. 2021-இல் அறிமுகமானது, துறைக்குத் துறை மாறும் மேற்கோள் பழக்கத்தைச் சமன்செய்து கணக்கிடுவது. அதில் கலைப் பிரிவுகளுக்கும் தரவரிசை, கியூ இரண்டும் உண்டு. எனக்கு வழி திறந்தது அங்கேதான். ஜேசிஐ தரவரிசைப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக எடுத்து, 'இந்த அட்டவணைக்குத் தாக்கக் காரணிக் குவார்டில் வெளியிடப்படுவதில்லை' என்று நூலக அதிகாரி ஒருவரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கி, இரண்டையும் பாரத்தோடு இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்த அதிகாரி சொன்ன ஒரு வார்த்தை பிறகும் உதவியது: "ஸ்கிரீன்ஷாட் வேணாம் தம்பி, பிரவுசர்லேர்ந்து பிரிண்ட் எடுங்க. கீழ தேதியும் முகவரியும் வரணும்."

பொதுவாகவே 'கியூ' என்று மட்டும் எழுதிய பாரத்தை நம்பி எதையும் நிரப்ப வேண்டாம். மூன்று இடங்களிலிருந்து மூன்று கியூ வருகிறது. ஜேசிஆரின் தாக்கக் காரணிக் கியூ ஒன்று. ஸ்கோபஸின் சைட்ஸ்கோர் சதமானம் இன்னொன்று. 75-க்கு மேல் இருந்தால் முதல் கால்பகுதி. மூன்றாவது, ஸ்கோபஸ் தரவை வைத்தே வேறு கணக்கு போடும் சிமாகோவின் எஸ்ஜேஆர். ஒரே இதழ் ஒன்றில் கியூ1, இன்னொன்றில் கியூ3 என்று வருவது சாதாரணம். ஒரே இதழ் இரண்டு பாடப் பிரிவுகளில் இருந்தால் பிரிவுக்கொரு கியூ வேறு. எந்தத் தளம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னதை அடுத்த வாரம் வேறொருவர் ஏற்கமாட்டார்.

ஆண்டு விஷயமும் பலரைக் குழப்புகிறது. ஜேசிஆர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் வாக்கில் வரும், முந்தைய ஆண்டின் எண்களோடு. 2024-க்கான தாக்கக் காரணி 2025 ஜூனில்தான் வந்தது. அது 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. 40 கட்டுரைக்கு 30 மேற்கோள் என்றால் 0.75, ஒரே தசமத்தில் 0.8 என்று காட்டுவார்கள். சைட்ஸ்கோர் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. மார்ச்சில் வெளிவந்த கட்டுரைக்கு 'அந்த ஆண்டின்' எண்ணைக் கேட்டால் அப்படி ஓர் எண் இன்னும் பிறக்கவில்லை; கடைசியாக வெளிவந்த எண்ணைக் கொடுத்து, அது எந்த ஆண்டுக்குரியது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இதழைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இணையதளத்தில் ஒட்டியிருக்கும் ஸ்கோபஸ் சின்னத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. 'ஸ்கோபஸ் உத்தரவாதம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளுக்கும் அப்படித்தான். இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ எடுங்கள். ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் அந்த எண் எந்தப் பெயருக்கு, எந்த நாட்டுக்கு உரியது என்று பாருங்கள். பிறகு அதே எண்ணை ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கத்தில் போடுங்கள். அதற்குச் சந்தா வேண்டியதில்லை. வெப் ஆஃப் சயின்ஸுக்கு மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட், அதுவும் இலவசம். இதழ் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற வரியைப் படியுங்கள். ஸ்கோபஸ் கைவிட்ட இதழ்களின் பழைய கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புதியவை மட்டும் சேராது. சிமாகோவில் பழைய கியூ இன்னும் பச்சையாகத் தெரிவதைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, அந்த இதழின் அண்மை வெளியீட்டில் வந்த இரண்டு மூன்று கட்டுரைகளை ஸ்கோபஸில் திறந்து டிஓஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்) இணைப்பை அழுத்துங்கள். நீங்கள் கட்டுரை அனுப்பப்போகும் தளத்துக்கே அது போகிறதா? போகவில்லையென்றால் கடத்தப்பட்ட இதழாக இருக்கலாம்: உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் எடுத்துப் போலித் தளம் நடத்துகிறார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம் 2022 முதல் இப்படிப்பட்ட இதழ்களின் பட்டியலை இலவசமாகப் பராமரிக்கிறது. அதையும் ஒரு தடவை தேடிவிடுங்கள். எண் உயரமாக இருந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம் சார்ந்த எம்டிபிஐ பதிப்பகத்தின் பெரிய இதழ் ஒன்று, தாக்கக் காரணி 4-க்கு மேல் இருந்தும், 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து நீக்கப்பட்டது.

தேடலுக்கு வருகிறேன். தமிழ் ஆய்வாளருக்கு உண்மையான சங்கடம் இங்கேதான். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் ஆங்கிலச் சுருக்கத்தையும் ரோமன் எழுத்தில் துணைநூற் பட்டியலையும் கேட்கின்றன. தமிழ் எழுத்தில் தட்டினால் பூஜ்யம். ரோமனில் தட்டினாலோ ஒரே நூலுக்குப் பல எழுத்துக்கூட்டல்: தொல்காப்பியம் 'டி'-க்குப் பின் 'எச்' போட்டும் போடாமலும் வருகிறது, சிலப்பதிகாரம் 'எஸ்'-இல் ஒன்று, 'சி'-இல் ஒன்று, மேற்குறியோடு வேறொன்று. வடிவங்கள் அனைத்தையும் எழுதி நடுவே 'ஆர்' போட்டு, மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அடைப்புக்குறி முக்கியம், 'ஆண்ட்', 'ஆர்' இரண்டில் எதை முதலில் படிப்பது என்பதில் இரு தளங்களும் ஒன்றல்ல, அதனால் ஒரே வரி இரண்டிலும் வேறு விடை தரும். சொற்கள் அருகருகே வர வேண்டுமென்றால் ஸ்கோபஸில் டபிள்யூ சாய்கோடு 3, வெப் ஆஃப் சயின்ஸில் நியர் சாய்கோடு 3; இரண்டுக்கும் மூன்று சொல் இடைவெளிக்குள் என்று பொருள். 'தமிழ்' என்ற சொல்லை 'பள்ளி' என்ற ஆங்கிலச் சொல்லோடு இப்படி இணைத்தால் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி பற்றியவை வரும்; வெறும் 'ஆண்ட்' போட்டால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எல்லாம் வந்து குவியும்.

பலர் தொடாமலே விடும் கருவி வெப் ஆஃப் சயின்ஸின் சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச். அட்டவணையில் இல்லாத நூலைக்கூட யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அது காட்டும். 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தனிப் பதிவாக அங்கே கிடைக்காமல் போகலாம். ஆனால் மேற்கோள்களில் இருக்கின்றன, சிதறி: மாநாட்டு ஆண்டைப் போட்டவர் சிலர், தொகுதி அச்சான 1968, 1969-ஐப் போட்டவர் சிலர். மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளின் பெயரே ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும், 'நாயகம்' என்ற குடும்பப் பெயராகவும் பதிவாகும். ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரின் ஒவ்வொரு வடிவத்துக்கும் நட்சத்திரக் குறியோடு தேடி, வரும் பட்டியலில் பொருந்தும் எல்லா வரிகளையும் டிக் செய்து ஒன்றாக முடிவைப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் டிக் செய்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். ஸ்கோபஸில் இதற்கு ரெஃபரன்சஸ் புலத்தில் தேடலாம்.

தமிழில் எழுதப்பட்டவற்றுக்கு கூகுள் ஸ்காலர்தான் கதி, அதற்கும் எல்லை உண்டு. யூனிகோடில் உள்ள பிடிஎஃப் அகப்படும். பாமினி, பழைய இணைமதி போன்ற எழுத்துருவில் செய்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு குறிகள். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. எத்தனை விடை என்று சொன்னாலும் 1000-க்கு மேல் காட்டாது. அதன் பெரிய பலம், ஒரு கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையை அழுத்திய பிறகு, 'மேற்கோள் காட்டியவற்றுக்குள் தேடு' என்ற கட்டத்தை டிக் செய்து சொல்லைப் போடுவது. மேற்கோள் காட்டிய நூறு கட்டுரையில் மலேசியாவைப் பற்றியவை எவை என்று உடனே பிரிந்துவிடும். மலேசிய இதழ்களுக்கு மலேசிய மேற்கோள் தரவுத்தளமான மைசைட்டையும், மலேசிய இதழ்களைத் தொகுக்கும் மைஜுர்னலையும் சேர்த்துப் பாருங்கள். பழைய மலேசியத் தமிழ் நூல்களுக்கு இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்ட நூற்பட்டியல் இன்றும் தேவைப்படுகிறது. எந்த அட்டவணையும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

மேற்கோள் எண்ணிக்கையை ஆய்வேட்டில் எழுதும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்று கட்டாயம் குறியுங்கள். வெப் ஆஃப் சயின்ஸில் முதன்மைத் தொகுப்பான கோர் கலெக்‌ஷனா, எல்லாத் தரவுத்தளங்களுமா என்பதற்கு ஏற்பவும், உங்கள் பல்கலைக்கழகம் எத்தனை ஆண்டுப் பழைய தொகுப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பதற்கு ஏற்பவும் எண் மாறும். எண்ணை மட்டும் நம்பி ஒரு கட்டுரையைத் தூக்கிப் பிடிப்பதும் சரியல்ல. மேற்கோள் காட்டியவர்களில் நாலைந்து பேரின் வாக்கியத்தைப் படித்தால் மறுக்கிறார்களா, பின்பற்றுகிறார்களா, சும்மா பெயரைச் சேர்த்திருக்கிறார்களா என்பது தெரியும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள்; 2023 முதல் அது டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசம்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கிறது. இதழின் இணையப் பாரம் குடும்பப் பெயர் கேட்கும். ஒரு கட்டுரையில் தந்தை பெயர், இன்னொன்றில் சொந்தப் பெயர், மூன்றாவதில் 'ஏ எல்' என்பதே குடும்பப் பெயரின் பகுதி என்று போனால் ஸ்கோபஸ் மூன்று ஆட்களை உருவாக்கிவிடும், மேற்கோள்களும் எச்-இண்டெக்ஸும் மூன்றாகப் பிரியும். ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளருக்கான நிலையான அடையாள எண்ணான ஆர்கிட்டோடு எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் திருத்தினால் போதாது; சமர்ப்பிக்கும் பாரத்தில் இடும் பெயர்தான் பெரும்பாலும் தரவுத்தளம்வரை போகிறது. ஏற்கெனவே பிரிந்துவிட்டால் ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் இணைக்கக் கோரலாம், கட்டணமில்லை. இணைக்கும்போது ஒவ்வொரு பதிவின் நிறுவனப் பெயரையும் சரிபாருங்கள். ஒரே தலைப்பெழுத்தும் ஒரே தந்தை பெயரும் உள்ள வேறொருவரின் கட்டுரைகள் உங்கள் கணக்கில் ஏறிவிட்டால், அதை நீக்க இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.