உள்ளே சூடு இருக்கும்

"கப்புல இருக்கறது இன்னும் பிசுபிசுங்குதுங்ணா."

அவ்வளவுதான் அவன் சொன்னது. தூண்டில் கோல் கட்டுகிற என் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். கப்பில் இருந்தது, முந்தின நாள் ஒரு கோலை ஒட்டக் கலந்த பசையின் மிச்சம். ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. ஊட்டியில் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் புகைதான் வரும். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "கப்பு வெளியில கிடந்துச்சுடா. கோலுக்குள்ள சூடு இருக்கும். செட் ஆயிருக்கும்."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு திடீரென்று வந்து நிற்கிறது. நான் சொன்னது தப்பு. அதைவிட, தப்பு என்று தெரிந்தே சொன்னது.

எபாக்ஸி பசையில் ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டும் சேர்ந்தால் தானே சூடாகும். கப்பில் மொத்தமாகக் கிடப்பது அந்தச் சூட்டில் தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டு சீக்கிரம் இறுகும். கோலுக்கும் ரீல் சீட்டுக்கும் (நூல் சுருட்டும் ரீலை மாட்டுகிற குழாய்) நடுவில் மெல்லிசாகப் பரவியிருப்பது சூட்டையெல்லாம் குளிர்ந்த கோலுக்குக் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் இறுகும். ஆக, கப்பில் இருப்பதே பிசுபிசுத்தால் உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "வேலை கை மாறுற வரைக்கும் கப்பைத் தூக்கிப் போடாதே, அதுதான் சாட்சி" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு என் பேச்சு அவனிடம் எடுபட்டிருக்காது.

வேலையில் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோல் 12 மில்லி, சீட்டின் உள்விட்டம் 16 மில்லி. அந்த இடைவெளியை நிரப்ப மூன்று இடத்தில் மாஸ்கிங் டேப்பை வளையமாகச் சுற்றி, சீட் லேசாக உரசிக்கொண்டு போகிற அளவுக்குப் பிளேடால் சீவினேன். வளையங்களுக்கு நடுவில் பசை நேராகக் கோலைப் பிடிக்க இடம் விட்டிருந்தேன். டேப்பின் ஓரம் தெரியக் கூடாது, தெரிந்தால் அது தண்ணீரைக் குடிக்கும். அதனால் ஓரங்களையும் பசையால் மூடினேன். சீட்டின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, அப்புறம் விரல்கூடப் படவிடவில்லை. குளிரில் ஹார்ட்னர் தேன் மாதிரி கெட்டியாகிவிடும் என்பதால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி எடுத்து, சம அளவாகக் கலந்தேன். சீட்டை நேராகத் தள்ளாமல் திருகித் திருகி ஏற்றினேன், காற்று நிற்கக் கூடாதென்று. இதில் எந்த இடத்திலும் அவசரப்படவில்லை.

அவசரம் நாளில்தான் இருந்தது. 25 டிகிரியில் ஒரே நாளில் இறுகும் பசை, பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் கேட்கும். இங்கே ஜனவரி ராத்திரி என்பது அதற்கும் கீழே. அதற்காகத்தான் பழைய தேயிலைப் பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு, கோலின் அடிப்பகுதியை உள்ளே விட்டு வைப்பது. அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று: கரண்ட் போனது எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது தெருவிளக்கு எரியவில்லை. எழுந்து போய் ஒரு வெந்நீர்ப் பையைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். கம்பளிக்குள்ளிருந்து வெளியே வர மனசில்லை.

காலையில் வாசலில் ஜீப். ரிட்டையர் ஆன மனிதர். பக்கத்தில் குரங்குக் குல்லாய் போட்ட பேரன். மீன் பிடிக்க எமரால்டு ஏரிப் பக்கம் போகிறார்கள், சாயங்காலம் பேரன் சென்னைக்குப் பஸ் ஏறுகிறான். கோல் அவனுக்குத்தான். "தம்பி, ரெடியா?" என்றார். "ரெடி சார்" என்றேன்.

அப்போது கடையில் ரிப்பேர் முடிந்த கோல் இரண்டு சும்மா நின்றுகொண்டிருந்தன. "இன்னிக்கு இதை வெச்சுக்கங்க, உங்களோடது நாளன்னிக்குத் தர்றேன்" என்று ஒன்றைக் கொடுத்திருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். பேரன் முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். ஏன் தோன்றவில்லை? தோன்றியது. சொன்ன தேதிக்குக் கொடுக்கிற ஆள் என்ற பெயர் எனக்கு உண்டு. அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்ததிலிருந்து இந்த மலையில் தூண்டிலோடு அலைகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கோல் கட்டுகிற கை கொஞ்சம்தான். அதில் என் கைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்ற நினைப்பு. பாக்கிப் பணமும்தான், மறைப்பானேன்.

மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். அரைக் கிலோ டிரவுட் இழுத்தா சீட் கழன்றுவிடப் போகிறது? கழலாது. ஆனால் சீட்டைத் திருப்புவது மீன் இல்லை. ரீலை மாட்டி மரையை இறுக்குகிற கை. அது தெரிந்துதான் ஜீப் கிளம்பும்போது, "ரெண்டு நாளைக்கு ரீலை ரொம்ப இறுக்காதீங்க சார்" என்று சொன்னேன். எச்சரித்தது போலவும் ஆயிற்று, ஒன்றும் சொல்லாதது போலவும் ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து அந்தக் கோல் வந்தது. ஒரு கைடின் (கோல் நெடுக நூல் ஓடுவதற்குக் கட்டியிருப்பது) வளையம் உடைந்திருந்தது, அதை மாற்ற. எடுத்ததும் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கைடுகளெல்லாம் ஒரே கோட்டில். ரீல் சீட் மட்டும் விலகியிருந்தது. கடிகாரத்தில் நிமிட முள் ஒரு கோடு நகர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு. முதல் நாள் பசை இறுகுவதற்குள் மரையை முறுக்கியிருக்கிறார்கள். சீட் அதோடு திரும்பி, திரும்பின இடத்திலேயே இறுகிவிட்டது. அவருக்கு அது கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

கடைப் பையன் சீட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே கெட்டியாத்தான் நின்னிருக்குங்ணா" என்றான்.

அந்த நேரத்தில் கோலை அவன் கையில் கொடுத்து, இந்தா, இப்படிப் பார் என்று காட்டியிருக்கலாம். செய்யவில்லை. சீட்டைக் கழற்ற வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் கார்க் கைப்பிடியை அறுத்தெறிய வேண்டும், எல்லாம் முதலிலிருந்து. அதற்குப் பதில் வேறு வழி பிடித்தேன். ஒரு கைடு மாற்ற வந்த கோலில் ஏழு கைடையும் நூலறுத்து எடுத்து, கோணலாக நிற்கும் சீட்டுக்கு நேராகத் திரும்பக் கட்டினேன். நுனி வளையத்தை லைட்டரால் சூடு காட்டித் திருப்பினேன். மூன்று ராத்திரி வேலை. ஒரு கைடுக்கு உண்டான காசுதான் வாங்கினேன். அவர் கோலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

அதைப் பரிகாரம் என்றுதான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோல் இப்போது நேராக இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. சில நாள், தடயத்தை அழித்தேன் என்றும் தோன்றும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

போன வாரம் நான் உள்ளே வார்னிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஒருவர், நேற்று மத்தியானம் ஒட்டின கோலை இன்றைக்கே எடுத்துப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன், இப்போது பையனும் இல்லை, மீசை வந்துவிட்டது, தயங்காமல் சொன்னான்: "எடுத்துக்கங்க சார். உள்ள சூடு இருக்கும். செட் ஆயிருக்கும்."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். "கப்பைக் கொண்டா" என்றேன்.

"அது நேத்தே தூக்கிப் போட்டாச்சுங்ணா."