அந்தப் பெயருக்கு நான் 'ம்' சொன்னேன்

“இனிமே நான் வரத்தான் வேணுமா, சிஸ்டர்?”

எங்கள் பராமரிப்பில் இருக்கும் ஓர் அம்மாவின் மகள் இதைக் கேட்டபோது நான் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னேன். “உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வர வேண்டாம்மா. அவங்களை நாங்க பாத்துக்கறோம். ஒரு குறையும் இருக்காது.”

ஏழு மாதம் ஆகிறது. அதன் பிறகு அவர் வரவில்லை. பணம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். முதியோர் பராமரிப்பில் இருக்கும் எல்லோருக்கும் அந்த முகங்கள் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு உள்ளே வருவார்கள். அந்தச் சுமையை ஒருவரிடமிருந்து இறக்கிவைத்தது அன்பில்லையா? 'நீ வந்தால்தான் நல்ல மகள்' என்பதும் ஒரு நிபந்தனைதானே? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

ஏனென்றால், அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சற்று முன்பு வேறொன்று நடந்திருந்தது.

அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் முற்றிய நிலை. மகளைப் பார்த்து, “நீங்க யாரு? உக்காருங்க” என்பார். என்னைப் பார்த்தால் முகம் மலரும். கன்னத்தைத் தடவி மகளின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். நானும் 'ம்' என்பேன். அவர்கள் இருக்கும் உலகத்தைத் திருத்தப் போகாதே என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவது. 'நான் உங்க மகள் இல்ல' என்றால் அவர் கலங்கிப்போவார். ஆகவே அந்த 'ம்' சரிதான். ஆனால் அன்று அந்தப் பெயருக்கு உரியவர் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“எங்கம்மா என் கன்னத்தை இப்படித் தடவினதே இல்ல சிஸ்டர்” என்றார் மெதுவாக. “மார்க் கொறஞ்சா அறைதான் விழும். நிறைய வாங்கினா அன்னைக்கு மட்டும் பேசுவாங்க.” பிறகுதான் அந்தக் கேள்வி.

'அவங்க சொல்றது உங்க பேரும்மா' என்று நான் சொல்லியிருக்கலாம். நான்கே வார்த்தை. அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டிருந்தால் வேறு மாதிரி இறங்கியிருக்குமோ என்னவோ. நான் சொல்லவில்லை. வேலை மும்முரம் என்று இத்தனை நாள் காரணம் சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. அந்தத் தடவல் எனக்குப் பிடித்திருந்தது. என் பராமரிப்புக்குக் கிடைத்தது என்று அதை எடுத்து வைத்துக்கொண்டேன். கைமாறு எதிர்பார்க்காதவள் என்று என்னைப் பற்றி நானே நம்பியிருந்த காலம் அது.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட்டேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது அவர்களுக்குச் சீக்கிரமே மறந்துபோனது. அது கிளப்பிய உணர்ச்சியோ அரை மணி நேரம் வரைகூடத் தங்கியிருந்தது. இது எனக்கு அன்றே தெரியும். 'நீங்க வந்தது அவங்களுக்கு மறந்துடும், வந்ததால உண்டான நிம்மதி கொஞ்ச நேரமாவது இருக்கும்' என்று சொல்லியிருந்தால் அவர் தொடர்ந்து வந்திருப்பாரோ?

ஆனால் அதே ஆய்வில், சோகம்தான் மகிழ்ச்சியைவிடக் கூடுதலாக நீடித்தது. மகள் வந்துபோன சில மாலைகளில் அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார், ஏன் என்று அவருக்கே தெரியாமல். மாலையானால் இந்த நோயில் பலருக்கு அப்படி ஆவதுண்டு, மகள் வராத நாளிலும் நடந்திருக்கிறார். ஆகவே இதையும் என் பக்கச் சாட்சியாக வைக்க முடியவில்லை.

கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆலோசனைக்கு வருபவர்மீது ஆலோசகருக்கு நிபந்தனையற்ற ஏற்பு வேண்டும் என்றார். அதே கட்டுரையின் அடிக்குறிப்பில், அது முழுமையாக இருப்பது கோட்பாட்டில் மட்டும்தான், நல்ல ஆலோசகருக்கே இடையிடையே நிபந்தனையோடுதான் மனம் வரும், சில நேரம் வெறுப்பும் வரலாம் என்று ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தால், அவர் பேசுவது குறித்த நேரத்துக்கு வந்துபோகும் அந்நியர்களைப் பற்றி. நானும் அப்படித்தான். எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அம்மா என்னை அடித்திருக்கிறார், நகத்தால் கீறியிருக்கிறார். எனக்கு வருத்தமே வந்ததில்லை, அடிப்பது நோய்தான் என்று தெரியும். மகளால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் சிறுவயதில் வாங்கிய அறைகளை நோய் அடிக்கவில்லை.

எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் பழைய கணக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கணக்கோடு இரண்டு வருடம், வாரம் தவறாமல் வந்து, யாரென்று தெரியாத ஒருவராக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார் அந்த மகள். அதை அன்பு என்று சொல்ல எனக்கு ஆசை. கடமையாகவும் இருக்கலாம். அந்தக் கை ஒரு தடவையாவது தன் கன்னத்துக்கு வருமா என்று காத்திருந்திருக்கலாம். அப்படிக் காத்திருப்பதும் நிபந்தனை என்றால், நிபந்தனை இல்லாமல் யாரால் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும், வர வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர் என்னிடம் அனுமதி கேட்டதாக நினைத்துக்கொண்டேன். 'வாங்க' என்ற ஒரு சொல்லைக் கேட்டிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய எண் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும்தான் கூப்பிடலாம் என்பது விதி. இரண்டு முறை ரிசீவரைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் அது அவருக்காகவா, எனக்காகவா என்று தெளிவாகவில்லை. வைத்துவிட்டேன்.

நேற்று தலைவாரி விடும்போது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பெயரைச் சொல்லி, “ஏன் இத்தனை நாளா வரல?” என்றார். முந்தின நாளும் நான்தான் தலைவாரி விட்டேன். மகள் வந்துகொண்டிருந்த காலத்திலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதனால் இதற்கு அர்த்தம் தேடக் கூடாது என்று தெரியும்.

“வேலை இருந்துச்சும்மா” என்றேன்.