மருந்துக்கடைப் பெட்டியில் பாலக்

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

பாலக் விதையை ஊற வைத்தாயிற்று. எங்கள் மொட்டை மாடியில் மண்தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பழைய தளம், ஈர மண்ணின் பாரம் தாங்காது என்கிறார். அவர் கவலை நியாயமானது. அதனால்தான் மண்ணில்லா விவசாயத்தின் பக்கம் வந்தேன். ஹைட்ரோபோனிக்ஸ் என்பது அதுதான், மண்ணுக்குப் பதில் சத்து கரைத்த தண்ணீர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பெட்டி நிறைந்திருந்தாலும் பதினைந்து கிலோவும் கொஞ்சமும்தான்.

ஹைட்ரோபோனிக்ஸ் என்றதும் வெள்ளைக் குழாய், மோட்டார், டைமர் என்று பல ஆயிரம் ரூபாய் செட்டைத்தான் காட்டுகிறார்கள். கீரைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. கிராட்கி என்பவர் மோட்டாரும் மின்சாரமும் இல்லாத ஒரு முறையை வகுத்திருக்கிறார். மூடிய பெட்டியில் சத்துநீர், மூடியில் துளை, துளையில் செடி, அவ்வளவுதான். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே விடுபடும் இடத்தில் ஈரக்காற்று நிற்கும், அந்தப் பகுதி வேர்கள் காற்றை எடுத்துக்கொள்ளும், கீழ் வேர்கள் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். வேருக்கு மூச்சு வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவருக்கு மோட்டார் வாங்கும் செலவு மிச்சம்.

தெரு முனை மருந்துக்கடையில் இன்சுலின் வந்திறங்கும் தெர்மாகோல் பெட்டிகள் குவிந்து கிடக்கும். கேட்டேன். "எடுத்துட்டுப் போம்மா, எனக்கும் இடம் ஆகும்" என்றார் கடை அண்ணன். மீன் பெட்டியும் ஆகும், வாடை போகத்தான் நாளாகும். பிளாஸ்டிக் வாளியை விட தெர்மாகோல் எனக்குப் பிடிக்கக் காரணம் வெயில். அது சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. தண்ணீர் சூடானால் வேருக்கான காற்று குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சென்னை மாடியில் வேர் அழுகுவது பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் தொடங்குகிறது.

ஜனவரி 4, சனி

பெட்டி வேலை முடிந்தது. உள்ளே கறுப்பு பாலித்தீன் விரித்தேன், ஒழுகாது, வெளிச்சமும் புகாது. வெளிச்சம் புகுந்தால் பாசி படரும். பாசி செடியின் சத்தைப் பிடுங்கித் தின்னும். வெளிப்பக்கம் வெயிலில் பொடியாக உதிராமல் இருக்க வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். எனாமல் பெயின்ட் பக்கமே போகக் கூடாது. அதிலிருக்கும் தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

துளை போடச் சமையலறைக் கத்தி போதும். சூடு வைத்து உருக்கினால் சீக்கிரம் முடியும், ஆனால் அந்தப் புகை நெஞ்சுக்குள் போக வேண்டாம். செடி உட்காரும் கிண்ணமாக ஐஸ்கிரீம் கப். அடியிலும் பக்கத்திலும் ஊதுபத்தி நுனியால் ஓட்டை. அதைத் திறந்த வெளியில், காற்று போகும் பக்கம் உட்கார்ந்து செய்தேன். கப்புக்குள் நிரப்ப, நிறம் வெளிறும் வரை அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு. அலசாத நாரில் உப்பு இருக்கும், இளம் வேர் கருகும்.

ஜனவரி 8, புதன், இரவு

உரக்கடைக்குப் போய்வந்தேன். இன்று எழுத நிறைய இருக்கிறது.

பலரும் 19:19:19 ஒன்றை மட்டும் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். உரப்பையில் உள்ள இந்த மூன்று எண்களும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம். அது மண்ணுக்கான உரம், நல்ல உரம்தான். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து நைட்ரேட் ஆக்கித் தரும். வெறும் தண்ணீரில் அந்த வேலையைச் செய்ய ஆள் போதாது. தவிர அதில் கால்சியம் கிடையாது. தண்ணீரில் வளர்க்கும்போது நாம் கொடுக்காத எதுவும் செடிக்கு வேறெங்கிருந்தும் வராது.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் உப்புகளே நமக்குப் போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு நான் கணக்குப் போட்டு வைத்திருப்பது: கால்சியம் நைட்ரேட் 6 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 3 கிராம், 0:52:34 உரம் 2 கிராம், எப்சம் உப்பு என்கிற மக்னீசியம் சல்பேட் 4 கிராம். இதோடு இரும்பு சீலேட்டும் (இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் சேர்மம்) நுண்ணூட்டக் கலவையும் மிகச் சிறிய அளவில். லிட்டருக்கு ஏறத்தாழ 130 மி.கி. நைட்ரஜன், 110 மி.கி. கால்சியம், 170 மி.கி. பொட்டாசியம் என்று வரும். கீரைக்கு இது அளவான சாப்பாடு. நகை நிறுக்கும் சின்ன தராசு இதற்கு அவசியம்; கரண்டி அளவை நம்பக் கூடாது.

கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனியாகக் கரைக்க வேண்டும். மற்ற உப்புகளைப் பெட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே இதை ஊற்ற வேண்டும். கெட்டிக் கரைசலாக ஒன்றோடொன்று சேர்த்தால் கால்சியம் சல்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் வெள்ளையாகப் படிந்து அடியில் தங்கிவிடும். செடிக்குக் கிடைக்காது.

உப்பு கிலோ பையாகத்தான் வருகிறது. பக்கத்துத் தெரு அக்காவும் நானும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வதாக இருந்தோம். ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் வரும் என்றதும் அவர் கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

நாற்றுகளுக்கு நிஜ இலை வந்துவிட்டது, இடம் மாற்றினேன். கப்பின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும் உயரம். புதினாத் தண்டுகளையும் ஒரு மூலையில் செருகினேன். தக்காளி நாற்று ஒன்றை வேரில் மண் போக அலசி, 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தனியாக வைத்தேன்.

தண்ணீர், மார்கழி மழையில் பிடித்து மூடி வைத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 30-ஐத் தாண்டவில்லை. போர் தண்ணீர் எங்கள் வீட்டில் 900. அதில் உப்பைக் கரைத்தால் செடிக்குத் தேவையானது எது, ஏற்கெனவே இருந்தது எது என்று கணக்கே நிற்காது. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் அதை விட உப்பு, அது பாத்திரம் கழுவத்தான்.

ஜனவரி 14, பொங்கல்

பார்த்ததோடு சரி. எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன.

ஜனவரி 20, திங்கள்

மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் பெண் வந்தார். தண்ணீர்ப் பெட்டி என்றதும் டார்ச்சோடு மாடிக்கே ஏறிவிட்டார். அப்படித்தான் பார்க்க வேண்டும். டெங்கு கொசு முட்டையிடத் தேடுவதே இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, கப்புக்கும் துளைக்கும் இடையே சந்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். காலியாக இருந்த துளைகளில் தெர்மாகோல் துண்டைச் செருகியிருந்தேன். "இப்படி அடைச்சு வெச்சா பிரச்சினை இல்லக்கா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாடியில் யார் இதைச் செய்தாலும் சந்து அடைப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கீழ்வீட்டுப் பெரியம்மா படியேறி வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, உப்புல வளர்ற கீரை, உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சாணம் போட்டாலும் அது மண்ணில் மட்கி, நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றித் தந்த பிறகுதான் பெரும்பாலும் வேர் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னேன். "ஆனா பெரியம்மா, கீரை இலையில நைட்ரேட் சேரும். மண்ணுல அதிகமா உரம் போட்டாலும் சேரும். அதனால அளவு தாண்டக் கூடாது. பறிக்கறதுக்கு முன்னாடி சில நாள் வெறும் தண்ணி, பறிக்கறது சாயங்காலம்." பகல் முழுக்க வெயில் பட்ட இலை, தான் சேர்த்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்றியிருக்கும். காலையில் பறித்ததை விட மாலையில் அது குறைவு.

மண் தேவையில்லை என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். 1930-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பவர் தண்ணீர்த் தொட்டியில் தக்காளியைக் கொடி கொடியாக வளர்த்துக் காட்டியபோது உலகமே வியந்தது. 1938-ல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஹோக்லண்டும் ஆர்னனும் நிதானமாக ஆராய்ந்து, நல்ல மண்ணைத் தண்ணீர் தோற்கடித்துவிடாது என்றார்கள். நம் நாட்டில் 1946-ல் வங்காளத்தின் காளிம்பொங் பக்கம் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதைத் தொடங்கியபோது அவர் தேடியதும் எளிய மக்களுக்குக் கட்டுப்படியாகும் வழியைத்தான். மண் இல்லாத இடத்துக்கு இது வழி. எனக்கு அது போதும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

புதினாவின் கொழுந்தில் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாக இருக்கின்றன. கொழுந்தில் தொடங்கினால் இரும்புச் சத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரும்பு கரைசலில் இல்லாமல் இல்லை, பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, ஏற ஏற அமிலம் குறைவு) 7-ஐத் தாண்டியிருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. செடி நைட்ரேட்டைக் குடிக்கக் குடிக்கத் தண்ணீரின் பி.எச். ஏறுவது இயல்பு. 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே இருந்தால் நல்லது.

எலுமிச்சைச் சாறு இறக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றதும் திரும்ப ஏறிவிடும். பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். கையுறை போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சில துளி அமிலம் விட்டு (அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது), அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியில் சேர்த்தேன். மீன் தொட்டிக் கடையில் விற்கும் பி.எச். சொட்டு மருந்து நிறம் பார்க்கப் போதுமானது.

சேர்க்கும்போது பழைய மட்டத்துக்கு நிரப்பவில்லை. மேலே வெள்ளையாகப் பஞ்சு போல மயிர்வேர்கள் படர்ந்திருக்கின்றன. அவை காற்றுக்குப் பழகியவை, திடீரென்று மூழ்கடித்தால் செடி வாடும். தண்ணீர் குறைந்ததைப் பார்த்ததும் நிரப்பத் துடிக்கும் கையைத்தான் இந்த முறையில் முதலில் அடக்க வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் பாலக் பறித்தோம். குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகள் மட்டும். இரண்டு வீட்டுக் கூட்டுக்குச் சரியாக இருந்தது. பெரியம்மா பாசிப்பருப்பு போட்டு வைத்து அனுப்பினார். புதினாவின் புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது.

தக்காளி பூத்துவிட்டது. வாளியில் அது கீரையைப் போலச் சும்மா இருக்காது. நிறையக் குடிக்கிறது, பிஞ்சு பிடித்தால் இன்னும் குடிக்கும். அதற்கு உப்பின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். கால்சியம் தடைப்பட்டால் காயின் அடி கறுத்துப்போகும். அதனால் தண்ணீர் ஒருநாளும் வற்றிவிடாமல் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் பெட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் 28 காட்டியது. நிழல்வலை கட்டிய பிறகும் இதுதான். மார்ச் தாண்டினால் பாலக் வேர் தாங்காது, அதனால் இந்தப் பருவத்தோடு அதை நிறுத்துகிறேன். மிச்சமிருக்கும் சத்துநீர் கீழே கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் போகும், சாக்கடைக்கு ஒரு சொட்டும் இல்லை. பெட்டியைக் கழுவிக் காயவைத்து வள்ளைக்கீரை போடப் போகிறேன். சூடும் நீரும் அதற்குப் பிடிக்கும், தண்டை ஒடித்து வைத்தாலே வேர் விடும். பக்கத்துத் தெரு அக்கா புதன்கிழமை தண்டு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.