தலைகீழாக உட்காரும் பைட்டுகள்

பழைய கணினிகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஆப்பிளையோ ஐபிஎம்மையோ சொல்ல மாட்டேன். டேட்டாபாயின்ட் 2200 என்பேன். டெக்சாஸில் சான் அன்டோனியோவைச் சேர்ந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் 1970-இல் அறிவித்த மேசைப்பெட்டி அது. திரையில் 12 வரி, வரிக்கு 80 எழுத்து. மேலே இரண்டு கேசட் டிரைவ். பெயருக்குத்தான் டெர்மினல், உள்ளே இருந்ததோ நிரல் எழுதி ஓட்டக்கூடிய முழுக் கணினி. வாங்கிய அலுவலகங்கள் சும்மா விடுமா? கணக்கு வழக்கையே அதில் போட ஆரம்பித்துவிட்டன.

என் பிழைப்பு மெமரி டம்ப் படிப்பது, அதாவது நினைவகத்தில் இருப்பதை அப்படியே கொட்டிப் பார்ப்பது. ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 1234 என்ற எண்ணைத் தேடிப்போனால் அதன் இரண்டு பைட்டும் இடம் மாறி 34 12 என்று கிடக்கும். இன்டெல் வழக்கம் அப்படி என்று மனப்பாடம் செய்திருந்தேன். காரணம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் முதல் வடிவத்தில் பிராசசர் ஒரு நேரத்தில் ஒரு பிட்டைத்தான் கையாண்டது. நினைவகமும் ஷிப்ட் ரெஜிஸ்டர். பிட்டுகள் வரிசையாகச் சுற்றிவரும், நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டலை ஒன்றாம் இடத்திலிருந்துதானே தொடங்குவோம், மீதி அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமே! அதனால் ஒன்றாம் இடம் இருக்கிற பைட் முதலில் வந்தாக வேண்டும். 34 முன்னால், 12 பின்னால்.

சரி, அது இன்டெலுக்கு எப்படிப் போனது? பெட்டிக்காக விக்டர் புவரும் ஹாரி பைலும் வகுத்த கட்டளைத் தொகுப்பை, அதாவது பிராசசருக்குப் புரியும் ஆணைகளின் பட்டியலை, ஒரே சிப்பில் அடக்கித் தரும்படி கம்ப்யூட்டர் டெர்மினல்காரர்கள் இன்டெலிடமும் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸிடமும் கேட்டார்கள். சிப் வர நாளாயிற்று. பெட்டி காத்திருக்கவில்லை, கடையில் கிடைக்கும் ஏறக்குறைய நூறு சாதாரண டிடிஎல் வகைச் சிறு சிப்புகளை வைத்தே பிராசசரைக் கட்டி விற்றுவிட்டார்கள். இன்டெல் செய்த சிப் 8008 என்ற பெயரில் 1972-இல் தனியே சந்தைக்கு வந்தது. அப்புறம் 8080, 8086, 1981-இல் ஐபிஎம் பிசிக்குள் போன 8088. அந்த வம்சம்தான் என் லேப்டாப் வரை வந்திருக்கிறது.

பாரிட்டி கொடியும் அந்தப் பெட்டியிலிருந்து வந்த சொத்துதான்: விடையில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று சொல்லும், பிராசசருக்குள் இருக்கும் ஒற்றை பிட் அது. தொலைபேசிக் கம்பி வழியாக எழுத்து அனுப்பும் பெட்டிக்குப் பிழை சோதிக்க அது தேவைப்பட்டது. நான் அதைச் சோதிக்கும் ஒரு வரிகூடக் கையால் எழுதியதில்லை. நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் மட்டும் இன்றைக்கும் எழுதுகிறது: இரண்டு தசம எண்களை ஒப்பிடும்போது, அதில் ஒன்று எண்ணே இல்லை (பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்த விடை மாதிரி) என்றால் அதைச் சொல்ல இன்டெல்காரர்கள் அந்தக் கொடியைத்தான் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.