நுரைத் தோட்டாத் துப்பாக்கியும் ஓர் ஓ ரிங்கும்

மார்த்தாண்டத்தில் பேரிங், ஆயில் சீல், வி பெல்ட் விற்றுப் பிழைக்கிறவனிடம் பொம்மைத் துப்பாக்கியை நீட்டி, "இன்னும் வேகமாகச் சுட வேண்டும் பெரியப்பா" என்று ஒரு பிள்ளை கேட்டால், அவன் கண் முதலில் உள்ளே காற்று ஒழுகாமல் அடைக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல்தான் விழும். ஊரில் மற்ற எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் சொன்னார்கள். பட்டறைக்காரர் சொன்னார், என் தம்பி சொன்னான், கடைக்கு எண்ணெய் சீல் வாங்க வந்த டிராக்டர் ஓட்டுநரும் ஓர் ஐந்து நிமிடம் நின்று அதையே சொல்லிவிட்டுப் போனார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். அங்கே பள்ளிக்கூடம் மூடும் ஜூலை, ஆகஸ்டில் குடும்பத்தோடு வருவான். இந்த முறை மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கி வந்திருந்தான். நெர்ஃப் என்று எல்லாரும் சொல்லும், நுரைத் தோட்டா சுடும் வகை. ஆனால் நெர்ஃப் அல்ல, வேறொரு தயாரிப்பு. 2012-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் நெர்ஃப் எலைட் வரிசையை இறக்கிய பிறகு அந்தத் தோட்டாவின் அளவையே மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், பதின்மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம், ஒரு கிராம் எடை. நுரைத்தண்டு, முனையில் ரப்பர் தொப்பி.

உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சைக்கிள் பம்ப்தான். பின்கைப்பிடியை இழுத்தால் பிஸ்டன் ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் கொக்கி விலகும், பிஸ்டன் முன்னால் பாயும், அது தள்ளும் காற்று தோட்டாவைத் தள்ளும். ஸ்பிரிங் தோட்டாவைத் தொடுவதே இல்லை. இடையில் நிற்பது காற்று. காற்று ஒழுகினால் எவ்வளவு பெரிய ஸ்பிரிங் போட்டும் என்ன பயன்?

எதையும் கழற்றுவதற்கு முன் வேகத்தை அளந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 'முன்னைவிடப் பரவாயில்லை' என்பதெல்லாம் அளவே அல்ல. வேகமானி விலைக்குக் கிடைக்கிறது. தேவையில்லை, கைப்பேசி போதும். கடையைப் பூட்டிய பிறகு உள்ளே இருந்தபடி, மூடிய ஷட்டரிலிருந்து ஐந்து மீட்டரைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். துப்பாக்கி வாயருகே கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சுட்டால் இரண்டு ஒலி பதிவாகும்: பிஸ்டன் போய் மோதும் 'டப்', தோட்டா ஷட்டரில் விழும் 'டண்'. பதிவைக் கணினியில் ஆடசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்தால் இரண்டும் இரண்டு முள்ளாக எழுந்து நிற்கும். நடுவில் உள்ள இடைவெளியை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை படித்துவிடலாம். ஷட்டர் ஒலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை மட்டும் கழிக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போவதால், ஐந்து மீட்டருக்கு 0.0145 நொடி.

பையனின் துப்பாக்கி 0.26 நொடி காட்டியது. கழித்து வகுத்தால் நொடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேல். சின்னவளுடையதும் ஏறக்குறைய அதே. அவளுடையதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். அதோடு அவள் தரவும் மாட்டாள்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. கழற்றும்போது அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையில் எடுத்த ஸ்க்ரூவோ அதே இடத்தில் குத்தி வைத்தால் திரும்பப் பூட்டும்போது திண்டாட வேண்டியதில்லை. நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். மேல் பாதியைத் தூக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. விசைக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்பிரிங் எங்காவது பறந்து போவது உறுதி.

பிஸ்டனை உருவி, நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை வைத்தேன். சிலிண்டரின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். ஓ ரிங் உட்காரும் பள்ளத்தின் அடிவிட்டம் 25.4. ஆக, பக்கத்துக்கு 2.3 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் உட்கார்ந்திருந்த வளையத்தின் தடிமன் 2.2. சிலிண்டர் சுவரை அது தொடவே இல்லை! சுவரில் பூசியிருந்த கொஞ்சம் கிரீஸ்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தண்ணீர் பம்புக்கு இப்படி ஒரு வளையத்தைக் கொடுத்தால் மறுநாள் காலையிலேயே வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்பார்.

என் கடையில் 2.4 தடிமனில் வளையம் இருந்தது. அதைப் போட்டேன். 2.5-உம் இருந்தது, வேண்டாம் என்று விட்டேன். பம்பில் வளையம் நன்றாக நசுங்கி உட்கார வேண்டும். இங்கே அப்படி நசுங்கினால் ஸ்பிரிங்கின் வலுவில் பாதியை உராய்வே தின்றுவிடும். வளையம் சுவரைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. உங்கள் ஊரில் சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் பழைய வளையத்தைக் கழற்றிவிட்டு, பள்ளத்தில் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் அதே வளையத்தைப் போடலாம். டேப்பின் தடிமன் சுமார் 0.075 மில்லிமீட்டர், இரண்டு சுற்றுக்கு 0.15. கணக்குச் சரியாகவே வரும்.

ஒழுகுகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இந்தத் துப்பாக்கியில் தோட்டா இல்லாதபோது காற்று வழியை அடைக்கும் ஒரு வால்வு உண்டு. தோட்டா போடாமல் இழுத்து ஒரே ஒரு முறை விசையை அழுத்திப் பாருங்கள். முன்பு பிஸ்டன் 'டப்' என்று போய் இடித்தது. வளையம் மாற்றிய பிறகு பாதி வழி பாய்ந்தது, காற்றுமெத்தையில் தயங்கி நின்றது, பிறகு 'உஸ்' என்று மெல்ல ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்தலைப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்த நிறைவு. பையனுக்குத் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பயம். "மக்களே, இப்போதுதான் அது நன்றாகியிருக்கிறது" என்று சொல்லித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். ஷட்டரிலிருந்து வந்த ஒலியிலேயே வித்தியாசம் தெரிந்தது. இடைவெளி 0.22. நொடிக்கு 24 மீட்டர். ஸ்பிரிங் பழையதுதான்.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்து நின்றாள். இந்த மாவட்டத்தில் ரப்பரைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்பால்) துண்டை மண்ணெண்ணெயில் போட்டால் மறுநாள் அது எப்படி ஊதிக் கிடக்கும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து வீங்கும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். பொம்மைக்குள் இருக்கும் கறுப்பு வளையம் எது என்று பார்வையில் சொல்ல முடியாது. அதனால் வாசலின், வண்டி கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். சிலிக்கான் கிரீஸ் இரண்டு வகைக்கும் பொருந்தும். வளையமே சிலிக்கான் ரப்பராக இருந்தால் மட்டும் அது ஆகாது. ஒரு பட்டாணி அளவு எடுத்துச் சுவரில் மெலிதாகத் தடவினால் போதும். அப்பிவிட்டால் அது முன்னால் தள்ளப்பட்டுத் தோட்டாவின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த வால்வு. இணையத்தில் துப்பாக்கியைத் திருத்துகிறவர்கள் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான். காற்றின் வழியில் நிற்கிறது, வேகத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. பிள்ளைகள் கையாளும் துப்பாக்கியில் நான் அதைத் தொட மாட்டேன். சரியான தோட்டா உள்ளே போய் முளையைத் தள்ளினால்தான் வழி திறக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பென்சில் துண்டையோ கூழாங்கல்லையோ போட்டால் திறக்காது. எங்கள் வீட்டு வாசலில் மஞ்சாடி மரம் நிற்கிறது. சிவப்புச் சிவப்பாக, கெட்டியாக, குழலுக்குள் போடத் தோதான விதைகள் தரை முழுவதும் கிடக்கும். வால்வைப் பிடுங்கினால் அவன் எத்தனை நிமிடத்தில் மஞ்சாடிக்குருவைப் போடுவான் என்று எனக்குத் தெரியும். அவன் வயதில் நானும் போட்டிருப்பேன்.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். எல்லாரும் இவ்வளவு சொன்ன பிறகு பார்க்காமல் விடுவது முறையல்ல. அழுத்து ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பழைய கம்பி 1.2 மில்லிமீட்டர். லேத் பட்டறையில் 1.4 கம்பியில் அதே சுற்று, அதே விட்டத்தில் சுற்றித் தரச் சொன்னேன். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விறைப்போ 1.85 மடங்கு. எட்டு வயதுக்காரி இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பையன் முழங்காலில் முட்டுக் கொடுத்து இழுத்தான். 0.19 நொடி காட்டியது, அதாவது நொடிக்கு 28 மீட்டருக்கு மேல். கூட்டம் கைதட்டியது.

மறுநாள் மாலை கொக்கியைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் தண்டைப் பிடிக்கும் மூலையில், ஆரஞ்சுப் பிளாஸ்டிக்கில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக்கோடு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடைவதற்கு முன்பு இப்படி வெளுக்கும். கொக்கி, விசை, கைப்பிடி, பிஸ்டன் இடிக்கும் முன்சுவர் எல்லாம் பழைய ஸ்பிரிங்குக்காக வார்த்தவை. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் மற்ற எல்லாம் வரிசையாக வாய்தா கேட்கும். பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினேன். அதன் பின்னால் ஐந்து மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, இழுக்கும் முன்பே சற்று இறுகியிருக்கும்படி செய்தேன். துண்டு நீளமாகிவிடக் கூடாது. கைப்பிடி கடைசிவரை வருவதற்குள் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் கொக்கி மாட்டவே மாட்டாது. வேகம் 24-லிருந்து 25-ஐத் தாண்டியது. இது போதும் என்பது என் தீர்ப்பு. பையன் மேல்முறையீட்டுக்குத் தன் அப்பாவிடம் போனான், அங்கேயும் தள்ளுபடி.

பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு நாகர்கோவிலில் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பெட்டியில் அதைப் பார்த்தே வாங்கினேன். இதில் வால்வை எடுத்துவிட்டு அரை இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைக் குழலாகப் பொருத்தினேன். எஸ்டிஆர் 11 என்று கேட்டு வாங்க வேண்டும்; குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண் அது. வெளிவிட்டம் 15.9, சுவர் 1.7, உள்ளே பன்னிரண்டரை மில்லிமீட்டர். தோட்டா லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவும். எஸ்டிஆர் 13.5 வாங்கினால் சுவர் மெலிந்து, உள்ளே 13-க்கு மேல் போய்விடும்; தோட்டா தானாகவே கீழே விழும்.

குழல் நீளமாக இருந்தால் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. முப்பது சென்டிமீட்டரில் தொடங்கினேன்; பொம்மை கொடுத்த வேகம்கூட வரவில்லை. பிஸ்டன் தள்ளும் காற்று மொத்தமே 42 கன சென்டிமீட்டர். அது விரிந்து தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் குழல் தோட்டாவைப் பிடித்து இழுக்கத்தான் செய்யும். மூன்று மூன்று சென்டிமீட்டராக அறுத்துக்கொண்டே வந்தேன். வேகம் ஏறிக்கொண்டே வந்து பன்னிரண்டில் உச்சம் தொட்டது, ஒன்பதில் இறங்கியது. பன்னிரண்டு சென்டிமீட்டர் குழலின் கொள்ளளவு பிஸ்டன் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அறுத்த வாயை உப்புத்தாளால் தேய்த்து, உள்விளிம்பைச் சற்றுச் சாய்வாக்காவிட்டால் தோட்டாவின் நுரையைச் சீவி எடுத்துவிடும்.

தூரம் எவ்வளவு போகிறது என்று கேட்பவர்களுக்கு: ஆரல்வாய்மொழியில் என் மைத்துனர் வீட்டு மாடியில் ஆடி மாதக் காற்றில் ஒன்று சுட்டுப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று. ஒரு கிராம் நுரை நேரே போய், சட்டென்று பக்கத்துத் தென்னந்தோப்புக்குத் திரும்பிவிடும். காற்றில்லாத நாளிலும் வேகம் கூடிய அளவுக்குத் தூரம் கூடுவதில்லை. இவ்வளவு இலேசான பொருளைக் காற்றின் தடை சீக்கிரமே நிறுத்திவிடும். அறைக்குள் எட்டுப் பத்து மீட்டர் விளையாட்டில்தான் இந்த உழைப்பெல்லாம் தெரியும்.

கண்ணைப் பற்றி மட்டும் விளையாட்டில்லை. 2017-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் இத்தகைய தோட்டா பட்டுக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். வேகம் 20-லிருந்து 25 ஆனால் தோட்டாவின் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. வெல்டிங் பட்டறைக்காரர்கள் அரைக்கும்போது போடும் நிறமில்லாத கண்ணாடி என் கடையிலேயே தொங்குகிறது. இரண்டை எடுத்து, கயிறு கட்டிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டினேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் துப்பாக்கி பரண்மேல் ஏறும் என்று சொல்லிவைத்தேன்.

தோட்டாவைக் குழலிலேயே விட்டு வைக்காதீர்கள், நுரை நசுங்கிப்போகும். இழுத்த நிலையில் இரவு முழுவதும் வைத்தால் ஸ்பிரிங் தளரும். கடல் பக்கத்து வீடு என்றால் ஸ்பிரிங்குக்கும் ஒரு பூச்சுச் சிலிக்கான் கிரீஸ் தேவைப்படும். குளச்சல் காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. பையன் கிளம்பும் நாளில் துப்பாக்கிக்கு முழுக்கறுப்பு அடித்துத் தரச் சொன்னான். ஆரஞ்சு முனையோடு பெட்டிக்குள் போனால்தான் போகும், கறுப்பென்றால் இங்கேயே இருக்கட்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆரஞ்சு முனையோடு எடுத்துப் போனான். போகிற போக்கில் 2.4 ஓ ரிங் நான்கைந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனுடைய கூட்டாளிகளின் துப்பாக்கிகளும் ஒழுகுகின்றனவாம்.