மகஜரில் மாடு ஒரு சொத்து

கால்நடை மருத்துவம் படிக்கும்போது சினை பார்க்கவும், கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் கைவிட்டுத் திருப்பி எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் லாரியிலிருந்து மாட்டை இறக்கி, நின்றபடியே சான்றிதழ் எழுதுவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கேரள எல்லையை ஒட்டிய அரசு கால்நடை மருந்தகத்துக்கு வந்த பிறகுதான் அந்த வேலை பழகியது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே கைமாறுகிற மாடுகளில் நிறைய கேரளாவுக்குப் போகின்றன, அடிமாடுகள் உட்பட. போவது குற்றமில்லை. 1978ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, கூடவே ஓர் ஆள் போக வேண்டும், பயணம் தாங்கும் என்று மருத்துவர் சான்று வேண்டும். ஆறு மாட்டை ஏற்றினால் டீசல் காசுகூடத் தேறாது என்பார்கள் வியாபாரிகள். அதனால் மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஏற்றுவார்கள். யாராவது புகார் சொன்னால் வண்டி பிடிபடும். அப்புறம் எனக்கு போன் வரும்.

நான் சைவமில்லை, மாட்டு வியாபாரிகளை வில்லன்களாகப் பார்க்கவும் முடியாது. வறண்ட கோடையில் சோளத்தட்டு விலை ஏறும்போது, பால் வற்றிய மாட்டை வைத்துக் காப்பாற்று என்று ஒரு விவசாயியிடம் எந்த வாயால் சொல்வது? லாரி டிரைவர்களும் அப்படித்தான். “லோடு ஏத்துனது அவங்க, ஓட்டறது மட்டுந்தானுங்க டாக்டர் நானு” என்பார்கள். அது பெரும்பாலும் உண்மை.

ஆனால் இறக்கிய மாட்டைத் தொட்டுப் பார்த்தால் அந்த நியாயங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். நெருக்கி ஏற்றிய வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றவை அதை மிதித்துவிடும். எனவே படுக்கவிட மாட்டார்கள். வாலை முறுக்குவார்கள், அதுவும் போதாவிட்டால் கண்ணில் மிளகாய். மாட்டின் நாடியை வாலின் அடிப்பக்கத்தில்தான் வழக்கமாகப் பிடிப்போம். இந்த மாடுகளில் அங்கே விரல் வைத்தால் எலும்பு நறநறவென்று நகரும். அது எங்கள் கையைவிட்டு வாலை இழுத்துக்கொள்ளக்கூட முயலாது. வாலை விட்டுவிட்டுத் தாடை ஓரத்தில் நாடி தேட வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும், அந்த அளவுக்குத் தண்ணீர் வற்றியிருக்கும். வாளியை வைத்தவுடன் முட்டிமோதும் மாடு பிழைத்துக்கொள்ளும். வாளியைப் பார்த்தும் தலையைத் தொங்கப்போட்டுப் பல்லைக் கடிக்கிற மாட்டைப் பற்றித்தான் கவலை.

இதற்குள் ஏட்டையா மகஜர், அதாவது பறிமுதல் செய்தவற்றின் விவரப் பட்டியல், எழுதிக்கொண்டிருப்பார். நிறம், வயது, கொம்பின் வடிவம், மூக்கணாங்கயிறு உண்டா இல்லையா, காதுவில்லை எண், உத்தேச மதிப்பு. காதுவில்லையில் 12 இலக்கம். மாட்டு ஆதார் என்று ஊரில் சொல்வார்கள். மாட்டை அடையாளம் காண்பதற்கும் விலை போடுவதற்கும் அந்தத் தாளில் இடம் இருக்கிறது. அது பட்ட பாட்டை எழுத இடமில்லை. சட்டத்தின் கண்ணில் அது பறிமுதல் செய்த லாரிக்கும் தார்ப்பாய்க்கும் அடுத்த வரிசையில் வருகிற வழக்குச் சொத்து.

ஒருமுறை அப்படிப் பிடிபட்ட பசு ஒன்று, பராமரிப்புக்கு அனுப்பிய இடத்தில் கன்று போட்டது. மகஜரில் இல்லாத கன்று. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு, “சார், இதை எந்தக் கணக்கில சேர்க்கிறது?” என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் பொருள் பட்டியல் அனுப்பியாகிவிட்டது, எண்ணிக்கை இடிக்கிறது. தாய் யாருடைய சொத்தோ கன்றும் அவருடையதுதான் என்பது சட்டம். கிடாரிக் கன்று ஒன்று, பால் குடிக்கிறது, தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று துணைச் சான்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் மதிப்பு கேட்டார்கள்.

குற்றத்துக்கான தண்டனையைச் சொன்னால் புதிதாக வருகிற எஸ்.ஐ.க்களே நம்ப மாட்டார்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதால் பிறந்த சட்டம் அது. அன்றைக்கு 50 ரூபாய் ஓரளவு உறைத்திருக்கும். இன்று ஒரு சாப்பாட்டுக்குப் பற்றாது.

பழைய தண்டனைச் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே கணக்குப் பேசியது. பத்து ரூபாய் பெறுமான விலங்கைக் கொன்றால் ஒரு தண்டனை, 50 ரூபாய் பெறுமான விலங்கென்றால் அதைவிடக் கூடுதல். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் அந்த விலைக் கணக்கை எடுத்துவிட்டு, ஐந்தாண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிரிவு உட்கார்ந்திருக்கும் இடம் இன்னமும் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் நடுவில்தான். தெருநாய் யாருடைய சொத்து என்று ஒரு வக்கீல் கேட்டுவிட்டால் வழக்கு தடுமாறும்.

கோயில் காளைக்குத் தடுப்பூசி போடும்போது எனக்கு ஓர் எண்ணம் ஓடும். நம் நாட்டுச் சட்டத்தில் சாமி ஒரு நபர். சாமி பெயரில் நிலம் இருக்கலாம், வழக்குப் போடலாம். கம்பெனியும் நபர். கல்லில் இருக்கும் சாமி நபராகவும், மூச்சு வாங்கிக்கொண்டு என் காலை மிதிக்கப் பார்க்கும் காளை அந்த நபரின் உடைமையாகவும் இருக்கிறார்கள்.

இதை மாற்ற நீதிமன்றங்கள் முயலாமல் இல்லை. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் உள்ள உயிர் என்பதை விலங்கு வரைக்கும் விரித்தது. பசி தாகம், பயம், உடல் அசௌகரியம், வலியும் நோயும் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம் என்று ஐந்தையும் எடுத்துச் சொன்னது. எங்கள் ஊரில் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொன்னாலே அடிக்க வருவார்கள். காளை வளர்ப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அவர்கள் தங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்வது போல எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆனால் தடை சரியா தவறா என்ற சண்டையில், அந்தத் தீர்ப்பு லாரி மாட்டுக்கும் சேர்த்துப் பேசியது காணாமல் போய்விட்டது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் 2017 திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

இடையில் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குலகம் முழுவதையும் சட்டப்படி நபர்கள் என்று அறிவித்தது. நேபாள எல்லையில் ஓடும் குதிரை வண்டிகளைப் பற்றி ஆரம்பித்த வழக்கு அது. செய்தியில் வந்தது நபர் என்ற அறிவிப்பு. என் போன்றவனுக்குப் பயன்படுவது அதே தீர்ப்பில் உள்ள பாரம், வெயில், தண்ணீர், ஓய்வு பற்றிய உத்தரவுகள். ஜெர்மனி 1990இலேயே விலங்குகள் பொருட்கள் அல்ல என்று சிவில் சட்டத்தில் எழுதிவிட்டது. வேறு விதி இல்லாத இடங்களில் பொருட்களுக்கான விதிகளே பொருந்தும் என்றும் அதே பிரிவில் சேர்த்துக்கொண்டது. வக்கீல் எந்த ஊரிலும் வக்கீல்தான்.

மாட்டை நபராக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நபராகி எந்த ஆபீஸில் போய் நிற்கப் போகிறது? வலி தெரிந்த உயிர் என்று எழுதிவிட்டு, அந்த வலிக்கு மகஜரில் ஒரு கட்டம் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. அந்தக் கட்டத்தை நிரப்ப ஆள் இருக்கிறோம்.

இந்த வழக்குகளில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விசாரணை வரை வந்த ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை செய்த வக்கீல், “வலித்தது என்று மாடு உங்களிடம் சொன்னதா டாக்டர்?” என்று கேட்டார். பின்னால் சிரித்தார்கள். சான்றிதழைப் பார்த்துப் படிக்க அனுமதி கேட்டேன். ஓய்வில் இருக்கும் மாட்டுக்கு நாடி நிமிடத்துக்கு 50 முதல் 80 வரை இருக்கும், இதற்கு நூறைத் தாண்டியிருந்தது. முதுகு வளைந்திருந்தது, பல்லைக் கடித்தது, தீனி போட்டும் அசைபோடவில்லை, வால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. “மெதுவாகச் சொல்லுங்கள், டைப் ஆக வேண்டும்” என்றார் நீதிபதி. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நல்ல நிலையில் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதும் சக மருத்துவர்களிடம் சண்டைக்கே போகிறேன். நாடி, மூச்சு, வெப்பம், அசைபோடுதல், எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று எழுதுங்கள் என்பேன். தீனிச் செலவைக் கேட்டும் எழுதச் சொல்வேன். வழக்கு முடியும்வரை மாட்டைப் பராமரிக்கும் செலவை உரிமையாளரிடமும் வண்டிக்காரரிடமும் வசூலிக்க, வழக்குச் சொத்தாகும் விலங்குகளின் பராமரிப்பு பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளில் வழி இருக்கிறது. அபராதம் 50 ரூபாய்தான், ஆனால் இருபது மாட்டுக்கு இரண்டு மாதத் தீனி என்றால் வியாபாரிக்கு நன்றாகவே உறைக்கும். அடுத்த தடவை வண்டியில் எண்ணிக்கையைக் குறைப்பார்.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு 2022இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவில் அபராதம் பல மடங்கு கூடுகிறது, ஐந்து சுதந்திரங்களும் சட்டத்துக்குள் வருகின்றன. வரட்டும். எங்கள் ஸ்டேஷனில் இப்போதைக்கு அதே பழைய மகஜர் படிவம்தான். என் சான்றிதழைப் பின்னால் சேர்த்துத் தைத்து அனுப்புகிறார்கள்.